புதுப்பிப்பு: ஏ16 ஐபேட் வாங்கிய பின்

பிடிஎஃப் நூல்களை வாசிக்கவும் ஓரக்குறிப்பு எழுதவும் 2025இல் வெளிவந்த ஏ16 சில்லு கொண்ட ஐபேட் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன்; இப்போது அதையே வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். வாசிப்புக்குத் தாராளமாகப் போதும்: அடிப்படைச் சேமிப்பிடம் முந்தைய மாதிரியின் 64 ஜிபியிலிருந்து 128 ஜிபியாக உயர்ந்திருப்பதால், ஸ்கேன் செய்த கனமான கோப்புகளை அழித்து அழித்து இடம் தேட வேண்டியதில்லை.

எழுதுவதில்தான் தயக்கம். மேற்கண்ணாடியும் காட்சித்தளமும் ஒன்றாக ஒட்டப்படாததால் பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிகிறது. திரையில் எழுத ஆப்பிள் விற்கும் மின்பேனாக்களில் யுஎஸ்பி-சி பென்சில் அழுத்தத்தை உணராது, உணரக்கூடிய முதல் தலைமுறைப் பென்சிலுக்கு மின்னேற்றத் தனி அடாப்டர் வேண்டும் (இந்த ஏற்பாட்டை இன்னும் ஏன் தொடர்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை). ஓரக்குறிப்புக்கு இவை தடையல்ல. ஓவியம் வரைவதற்காகக் கேட்டவர்களுக்கு ஐபேட் ஏர் மாதிரியையே பரிந்துரைப்பேன்.