ஐபீஸ் வாங்கி ஏமாந்த கதைகள்: முதலில் என்னுடையது

என்னுடையது 6 அங்குல (சுமார் 150 மி.மீ.) விட்டமுள்ள டாப்சோனியன், அதாவது கையால் திருப்பிப் பார்க்கும் எளிய தொலைநோக்கி. குவியத் தொலைவு 1200 மி.மீ. கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வந்தன. 1200-ஐ ஐபீஸின் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் என்று தெரிந்த அன்றே புத்தி கெட்டது. 4 மி.மீ. வாங்கினால் 300 மடங்கு! தொலைநோக்கியின் ஒரு மி.மீ. விட்டத்துக்கு 2 மடங்கு வரை போகலாம் என்பார்களே, கணக்கும் சரியாக வந்தது.

சனியைத் தேடிப் பிடித்தேன். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல நெளிந்தது. போகஸைத் தொட்டால் குழாய் ஆடும். ஆட்டம் நிற்பதற்குள் சனி பாதி தூரம் போயிருக்கும். பின்னால் கணக்குப் போட்டேன்: 50 டிகிரி பிளாசலில் (சாதாரண ஐபீஸ் வகை) 300 மடங்கு என்றால் புலம், அதாவது ஒரே பார்வையில் தெரியும் வானம், 10 கலைதான் (ஒரு டிகிரிக்கு 60 கலை). பூமி சுற்றும் வேகத்தில் அதைக் கடக்க சுமார் 40 விநாடி. போதாக்குறைக்கு இமை முடி லென்ஸில் உரசி எண்ணெய் படிந்தது. கண்ணுக்குள் மிதக்கும் நூல் நூலான நிழல்கள்கூடத் தெரிந்தன. ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை அரை மி.மீ.க்குச் சுருங்கிவிட்டால் அப்படித்தான் ஆகுமாம்.

சில வாரம் கழித்து, காற்று அசையாத ஒரு இரவில், கூட வந்த அதே 10 மி.மீ.யைப் போட்டேன். 120 மடங்குதான். வளையத்தின் நடுவே கேசினி இடைவெளி, பென்சில் கோடு மாதிரி! அதைப் பார்க்கத்தான் 4 மி.மீ. வாங்கியிருந்தேன்.

அடுத்து வாங்கியது 32 மி.மீ. பிளாசல். இதில் 37 மடங்குதான் வரும், ஆனால் கார்த்திகையின் பிரகாசமான நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன. என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

*

நான் கண்ணாடி போடுகிறவன். மேலே நண்பர் சொன்ன இமை முடிப் பிரச்சினை எனக்கு இன்னும் மோசம், 10 மி.மீ. பிளாசலிலேயே கண்ணாடி லென்ஸில் போய் இடித்தது. புலத்தின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். கழற்றிவிட்டுப் பாருங்கள், போகஸ் சரி செய்துகொள்ளும் என்றார்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கு அது உண்மை. எனக்கு இருப்பது அஸ்டிக்மாடிசம், கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத குறை. அதை எந்தப் போகஸும் திருத்தாது. குறைந்த உருப்பெருக்கத்தில் நட்சத்திரம் எல்லாம் சின்னச் சின்னக் கோடாகத் தெரிந்தது. உருப்பெருக்கம் கூடக் கூட ஒளிக்கற்றை மெலிவதால் அந்தக் கோணல் தானே குறைகிறது. அதனால் இப்போது கோளுக்குக் கண்ணாடி வேண்டாம், நட்சத்திரக் கூட்டத்துக்கு வேண்டும்.

கடைசியில், கண்ணை 20 மி.மீ. தள்ளி வைத்தே பார்க்கக்கூடிய ஒரு ஐபீஸ் வாங்கினேன். முதல் நாள் அதுவும் படுத்தியது. தலையைக் கொஞ்சம் அசைத்தால் அவரை விதை வடிவில் ஒரு கறுப்பு நிழல் குறுக்கே வரும். ரப்பர் விளிம்பை மடக்குவதா, தூக்கி விடுவதா என்று பழக ஒரு வாரம் ஆனது. எனக்கு உதவிய ஒரே யோசனை: உங்கள் கண்ணாடியோடு போய், இன்னொருவர் தொலைநோக்கியில் அந்த ஐபீஸைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

*

உங்கள் இருவர் கதையைவிட என் கூத்து சின்னது. 20, 10 இரண்டும் கையில் இருக்க, 2 மடங்கு பார்லோ (ஐபீஸோடு சேர்த்துப் போட்டால் உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ்) வாங்கினேன். 20-ஐப் பார்லோவில் போட்டால் என்ன வரும்? அதே 10! புதிதாகக் கிடைத்தது 5 மட்டும். அப்புறம் 20-ஐக் கொடுத்துவிட்டு 15 வாங்கினேன். இப்போது 15, 10, 7.5, 5.

இன்னொன்று, என்னுடையது எஃப்/5, அதாவது குவியத் தொலைவு விட்டத்தைப் போல 5 மடங்கு. மலிவான அகலப்புல ஐபீஸ் போட்டால் நடுவில் நன்றாக இருக்கும், ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்துவிடும். முதல் போஸ்ட் போட்ட நண்பருடையது எஃப்/8 என்பதால் அதே ஐபீஸ் அவரிடம் ஒழுங்காக இருக்கலாம். அந்த 4 மி.மீ. இன்னும் இருக்கிறதா? என்னுடைய குவியத் தொலைவு 650தான், 162 மடங்கு வரும். கேட்டு வைக்கிறேன்.