புதுப்பிப்பு: பெரிய ஏரிக்கான பழைய மீன்பிடிப் படகு வாங்கியாயிற்று

குடும்பத்துடன் பெரிய ஏரியில் மீன்பிடிக்க 16 அடி அலுமினியப் படகா, 18 அடி கண்ணாடியிழைப் படகா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டாவதையே வாங்கினோம், அகன்ற ஏரியில் காற்று எழுப்பும் நெருக்கமான, செங்குத்தான அலைகளை ஆழமான 'வி' வடிவ அடிப்பகுதி பிளந்து செல்வதும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதும் குழந்தைகளுடன் செல்வோருக்கு வேகத்தைவிட முக்கியம் என்பது என் கருத்து. வாங்குமுன், எஞ்சினைச் சாய்த்துத் தூக்கிய நிலையில் அதன் கீழ்ப்பகுதியை அழுத்தி அசைத்து, அது பொருத்தப்பட்டுள்ள பின்பலகை நெகிழ்கிறதா என்று பார்த்தோம். உள்ளிருக்கும் மரம் மக்கியிருந்தாலும் பளபளக்கும் வெளிப்பூச்சு அதை மறைத்துவிடும். எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று 10 சதவீத வேறுபாட்டுக்குள், சீராக இருந்தன. கியர் எண்ணெய் மட்டும் பால்போல் வெளுத்திருந்ததால், நீரை உள்ளே விட்ட சீல்களை மாற்றும் செலவை விற்றவர் விலையில் கழித்துக்கொண்டார். குதிரைத்திறன், படகின் தகட்டில் குறித்துள்ள உச்சவரம்புக்குச் சற்றுக் கீழேதான் உள்ளது. நடு ஏரியில் முதன்மை எஞ்சின் நின்றுபோனால் கரைசேர உதவும் சிறிய துணை எஞ்சின் ஒன்றை இப்போது தேடுகிறோம்.