பேர் இன்னும் பள்ளிக்கூடத்திலதான் இருக்கு

(லண்டன் குடும்பக் குழு)

அக்கா: மூத்தவனைப் பள்ளிக்கூடம் அந்தக் கராஜ் வேலை பழக்கிற இடத்துக்கு அனுப்பி ஒரு மாசமாகுது. மத்தியானமே வீட்டை வந்திடுறான், நகத்துக்குள்ள ஒயில். கணக்குக் கொப்பி திறந்ததாத் தெரியேல்லை. செவ்வாய் அங்க போகவேயில்லை, எனக்கு ஒருத்தரும் போன் அடிச்சுச் சொல்லேல்லை. பள்ளிக்கூடத்துக்கு எடுத்தா "அங்க கேளுங்கோ" எண்டீனம்.

பெரியண்ணா: துரத்திப்போட்டாங்கள். வேற பள்ளிக்கூடம் பார்.

நான்: அண்ணா, அவசரப்படாதேங்கோ. அக்கா, கடிதத்தில 'ஓஃப் சைட் டிரெக்‌ஷன்' எண்டு, அதாவது கொஞ்ச நாளைக்கு வெளியில படிக்க அனுப்பினதெண்டு இருக்கோ, 'பெர்மனன்ட் எக்ஸ்குளூஷன்' எண்டு, அதாவது ஒரேயடியா நிப்பாட்டினதெண்டு இருக்கோ?

அக்கா: முதல் சொன்னதுதான். அவன்ர பக்கமும் பிழை இருக்கு, சண்டை பிடிச்சவன்.

நான்: அப்ப அவன்ர பேர் இன்னும் அவையின்ர ரெஜிஸ்டரிலதான். உங்கட கவுன்சில் பள்ளிக்கூடம் எல்லே, 2002 கல்விச் சட்டம் 29ஏ பிரிவில, நடத்தையைத் திருத்தவெண்டு பிள்ளையை வெளியில அனுப்ப கவர்னர்மாருக்கு, அதாவது பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு, அதிகாரம் இருக்கு. தாய் தேப்பன்ர சம்மதம் தேவையில்லை. ஆனா பிள்ளையை அனுப்பினதோட பொறுப்பு கழண்டு போகாது.

அத்தான்: காசு வாங்கிறது அந்த இடம். பொறுப்பும் அவையளுக்குத்தானே?

நான்: இல்லை அத்தான். 'கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்' எண்ட அரசாங்க வழிகாட்டியில தெளிவா இருக்கு, பிள்ளையின்ர பாதுகாப்பு அனுப்பின பள்ளிக்கூடத்தின்ர பொறுப்பு. அங்க வேலை செய்யிற ஆக்களைச் செக் பண்ணியிருக்கு எண்டு எழுத்தில வாங்கி வைக்கவேணும். பள்ளி நேரத்தில பிள்ளை எந்த அட்ரஸில நிக்குது எண்டு எப்பவும் தெரிஞ்சிருக்கவேணும். 2025 பதிப்பின்படி, குறைஞ்சது அரைத் தவணைக்கு ஒருக்கா, ஒழுங்காப் போறானோ, இடம் பாதுகாப்போ எண்டு திரும்பப் பாக்கவேணும். செவ்வாய்க்கு ரெஜிஸ்டரில என்ன எழுத்துப் போட்டவை எண்டு கேளுங்கோ. 'பி' எண்டா வெளியில படிக்கிறான் எண்டு அர்த்தம். போகாத நாளுக்கு அதைப் போடேலாது.

அம்மா: பிள்ளைக்கு அடுத்த வருசம் ஜிசிஎஸ்ஈ, பதினாறு வயசில எழுதிற பெரிய சோதினை. அரைநாள் படிச்சுக் காணுமோ?

நான்: காணாது அம்மா. அங்க அரைநாள் எண்டா மிச்ச அரைநாளுக்கு கணக்கு, இங்கிலீசு எங்க, ஆர் படிப்பிக்கிறது எண்டு பள்ளிக்கூடம் சொல்லவேணும்.

அக்கா: இன்னொண்டு. பள்ளிக்கூடம் சொல்லுது, விருப்பமில்லாட்டி வீட்டில வச்சுப் படிப்பிக்கிறம் எண்டு எழுதித் தரட்டாம்.

நான்: ஐயோ அக்கா, கையெழுத்து வைக்கவே வேண்டாம்! வச்சா ரெஜிஸ்டரில இருந்து பேரை எடுத்திடுவினம், முழுப் பொறுப்பும் உங்கட தலையில. தங்கட வசதிக்காகப் பிள்ளையை இப்பிடித் தள்ளிறதுக்குத்தான் 'ஓஃப் ரோலிங்' எண்டு பேர். ஆர் சொன்னது, எண்டைக்குச் சொன்னது எண்டு எழுதி வையுங்கோ.

பெரியண்ணா: அப்ப இனி என்ன செய்யிறது?

நான்: கவர்னர்மாருக்கு எழுதி ரிவியூ மீட்டிங் கேட்பம். திரும்பி வாற திகதி, கணக்குப் பாடம், செவ்வாய்க்கிழமைக் கதை மூண்டும் அதில வரவேணும். போனில கதைச்சா ஒண்டும் நிக்காது, ஈமெயில்தான்.

அக்கா: இரவு 8க்கு வாறியோ? இருந்து எழுதுவம்.

நான்: ஓம். கடிதத்தையும் ரைம்டேபிளையும் எடுத்து வையுங்கோ. அவனையும் பக்கத்தில இருத்துங்கோ, அவன்ர விருப்பத்தை ஒருத்தரும் கேட்கேல்லை.

அத்தான்: நான் கேட்டனான். கராஜ் பிடிச்சிருக்காம், விடமாட்டானாம். கணக்கும் வேணும் எண்டு சேர்த்து எழுதுங்கோ.