பைஎன்வியில் போட்ட பைதான் 3.11, கிரானில் மட்டும் ஓட மறுக்கிறது: உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பாவின் நெல் மூட்டைக் கணக்குக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு 22.04. அதோடு வருவது பைதான் 3.10. எனக்கு வேண்டிய டாம்லிப் (TOML ஃபைல்களைப் படிக்கும் மாட்யூல்) 3.11-இல்தான் சேர்ந்தது. அதனால், பல பைதான் பதிப்புகளை ஒரே கணினியில் வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வி (pyenv) வழியாக 3.11.9 போட்டேன்.

முதல் தடவை எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் வசதி இல்லாமலே நிறுவி முடித்துவிட்டது. பைஎன்வி நம் கணினியிலேயே கம்பைல் செய்வதால் அதற்கான லிப்எஸ்கியூலைட்3-டெவ் பேக்கேஜ் முன்கூட்டியே இருக்க வேண்டும். அதைப் போட்டு, பழையதை நீக்கி, மறுபடி நிறுவியதும் சரியாகிவிட்டது.

இப்போது சிக்கல் வேறு. டெர்மினலில் பதிப்பைக் கேட்டால் 3.11.9 என்றே வருகிறது. குறித்த நேரத்தில் புரோகிராமைத் தானாக ஓட்டும் கிரான் (cron), ராத்திரி 9 மணிக்கு அதை ஓட்டும்போது மட்டும் 'டாம்லிப் என்ற மாட்யூல் இல்லை' என்று லாக் ஃபைலில் விழுகிறது. டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி (.bashrc) ஃபைலில் எழுதிய பைஎன்வி வரிகள் கிரானுக்குப் போய்ச் சேராமல், அது பழைய 3.10-ஐ எடுக்கிறது என்று நினைக்கிறேன்.

கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபில், பைஎன்வியின் ஷிம்ஸ் ஃபோல்டரைப் பாத்தில் (PATH, கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்ப்பதா, வெர்ஷன்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பைதானின் முழு முகவரியையே கொடுப்பதா? இல்லை, தனியாக ஒரு வென்வ் (venv, இந்தப் புரோகிராமுக்கு மட்டுமான பைதான் சூழல்) போட்டுவிடுவது நல்லதா? நாளைக்கு 3.12-க்கு மாறினாலும் எது உடையாமல் நிற்கும்?

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. களத்தில் எடை போட்ட மூட்டைக் கணக்கைப் பார்க்காமல் சித்தப்பா தூங்க மாட்டார். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.