உயிர்ப்பிக்கும் மருந்து உள்ள உலகில் ஒருவரை எப்படிச் சாகடிப்பது?

வணக்கம். சின்னதாக ஒரு ஃபேன்டஸி கேம் செய்துகொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, யோசனை வேண்டும்.

சண்டையில் விழுந்தவரை ஒரு புட்டி மருந்து எழுப்பிவிடும். ஆனால் கதைப்படி நாயகியின் குரு கத்திக்குத்தில் சாக வேண்டும். பை நிறையப் புட்டி வைத்திருக்கும் ஆட்டக்காரர் சும்மா விடுவாரா? 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 கேமில் ஏரித் என்ற முக்கியப் பாத்திரம் இறந்ததற்கே, விழுந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் என்ன ஆச்சு என்று இன்றுவரை கேலி செய்கிறார்கள்.

டிராகன் பறந்தால் யாருக்கும் உறுத்தாது. உலகம் தான் போட்ட விதியைத் தானே மீறினால்தான் உறுத்தும். பிரெத் ஆஃப் த வைல்ட் (2017) என்ற கேம் இதில் கெட்டி. இடிமழையில் இரும்பு வாளோடு நின்றால் மின்னல் நம்மேல் இறங்கும்; அதே வாளை எதிரி பக்கம் தூக்கி எறிந்தால் அவன்மேல் இறங்கும்.

எனக்குத் தோன்றியவை இரண்டு. சண்டையில் விழுவது வெறும் மயக்கம், சாவு வேறு என்று வைக்கலாம். அப்படியானால் அத்தனை கோடாரி வெட்டுக்கும் மயங்கியவர் ஒரு கத்திக்கு எப்படிச் சாகிறார்? அல்லது மருந்து எடுபடாத விஷம். அதை முன்னாடியே ஒரு சண்டையில் காட்டாவிட்டால் சப்பைக்கட்டாகத்தான் தெரியும்.

இதைச் சமாளித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விதியை வசனத்தில் சொன்னீர்களா, ஆட்டத்திலேயே உணர வைத்தீர்களா? மருந்தையே தூக்கிவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், பாதி சண்டைகள் அதை நம்பித்தான் இருக்கின்றன.