மீசை இல்லாதவன் அரசன் இல்லையாம்!

அழகன்குளத்து ஓடு: "மீசை இல்லாத மூஞ்சிக்குப் பண்டைக் காலத்தில் எவனும் கப்பம் கட்டியதில்லை" என்று கடலாடி அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல். எங்கள் ஊர் அகழாய்வில் தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ் காசுகள் கிடைத்தன. ரோமை ஆண்டவர்கள். காசில் மழுமழுவென்று மழித்த முகம், தலையில் முத்துப்பட்டம். அந்த மூஞ்சியை நம்பித்தானே நம் ஆட்கள் சரக்கு கொடுத்தார்கள்?

கடலாடி முறுக்கு: காசு தேய்ந்திருக்கும் தம்பி. மீசையும் தேய்ந்திருக்கும்.

ஓடு: மூக்கு தேயாமல் மீசை மட்டும் தேயுமா அண்ணே? அலெக்சாண்டரும் மழித்த முகம்தான். அகஸ்டஸ் செத்தது 75 வயதில். சிலையில் கடைசி வரை இளந்தாரி!

முறுக்கு: ரோமை ஆண்ட ஹாட்ரியன்? தாடி! எகிப்தில் ஹட்செப்சுட் என்ற பெண்கூட பொய்த்தாடியோடுதான் சிலையில் நிற்கிறாள். மயிர் இல்லாமல் அரியணை இல்லை. மீசை, மீசை, மீசை!

தொண்டிக் காற்று: அந்தத் தாடி மோவாயில் மட்டும் கட்டுவது. மேலுதடு மொட்டை. மீசை எங்கே?

முறுக்கு: தாடி இருந்தால் மீசையும் இருந்த மாதிரிதான். படித்தவர்களுக்கு இது புரியாது.

மண்டபம் அக்கா: கிளியோபாட்ராவும் ஆண்டவள்தானே? அவள் அழகு நிகரில்லாதது அல்ல, பேச்சுதான் ஆளை இழுத்தது என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

முறுக்கு: அக்கா, இது ஆண்கள் விஷயம்.

ஓடு: அப்படியானால் ஹட்செப்சுட்டை இழுத்தது யார்? சரி, நம்மூருக்கே வருவோம். தலையாலங்கானத்துப் போருக்குப் போன பாண்டியன் நெடுஞ்செழியன் அப்போதுதான் சிறுவர் போடும் கிண்கிணியைக் கழற்றி வீரர் போடும் கழல் போட்ட பையன். புறநானூறு 77. அந்த வயதில் ஏது மீசை?

முறுக்கு: பாண்டியனைத் தொடாதே! பாட்டில் மீசை இல்லை என்று எழுதியிருக்கிறதா? இல்லையே. அப்போ இருந்தது.

தொண்டி: ஆகா, என்ன ஆராய்ச்சி!

முறுக்கு: நீ பேசாதே. சங்கப் பாட்டில் புகழ்கிற தொண்டி சேரனுடையது, மேற்குக் கரை. உங்கள் ஊர் இல்லை.

தொண்டி: கடலாடிக்காரர் துறைமுகம் பற்றிப் பேசுகிறார். பெயரில்தான் கடல், கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும்.

ஓடு: தியோடோசியஸுக்கு மீசை உண்டா, இல்லையா?

முறுக்கு: பஸ்ஸில் போவோம், நடந்து போவோம், உனக்கென்ன? போன வருஷத் திருவிழா வசூலுக்கு முதலில் கணக்குக் காட்டு.

தொண்டி: அதை மீசை வைத்தவரிடம் கேளுங்கள். பெட்டி அவரிடம்தான் இருந்தது.