ஃபிட்ஸ் நின்றுவிட்டது, அடம் நிற்கவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

பையனுக்கு ஐந்தேகால் வயது. நாலு வயதில் முதல் ஃபிட்ஸ், லெவெட்டிராசிட்டம் என்ற வலிப்பு மருந்து சிரப் ஆரம்பித்து எட்டு மாதமாக ஒன்றும் வரவில்லை, எல்லோரும் அப்பாடா என்கிறார்கள், எனக்குத்தான் அந்த அப்பாடா வர மாட்டேன் என்கிறது. செருப்பை எடுத்து வா என்றால் வாசல் வரை போவான், அங்கே பந்து கிடக்கும், அதோடு செருப்பு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. விளையாட்டை விட்டுக் குளிக்க வா என்றால் இருபது நிமிடம் தரையில் புரளுவான். கடிக்கவும் செய்கிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று நான் வாங்கிய பேச்சையெல்லாம் அவன் மேல் இறக்கி, ஒரு நாள் அடித்தும்விட்டேன்.

போன மாதம் உளவியலாளர் பிரீஃப்-பி என்று, பிள்ளையின் அன்றாட நடத்தை பற்றி நாம் நிரப்பும் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார், ஆறு வயது முடியாத குழந்தைகளுக்கானதாம். அப்புறம் ஒரு அட்டை விளையாட்டு. முதலில் நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும், நடுவில் "இனிமேல் வடிவம்" என்று விதி மாறும். மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் பழைய விதியிலேயே நிற்பார்களாம், ஐந்துக்குள் அனேகமாக மாறிவிடுவார்களாம். இவன் "இப்ப வடிவம்" என்று வாயால் சரியாகச் சொல்லிக்கொண்டே சிவப்பைக் கொண்டுபோய்ச் சிவப்போடு வைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காதில் விழுகிறது, புரியவும் செய்கிறது, கைதான் மாற மாட்டேன் என்கிறது. சொன்னதை மனதில் பிடித்து வைப்பது, அவசரத்தை அடக்குவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது, இந்த மூன்றையும் சேர்த்து எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்றார்.

*

சகோதரி, கடிப்பது எப்போது ஆரம்பித்தது, சிரப்புக்கு முன்பா பின்பா? அந்த மருந்தில் சில குழந்தைகளுக்கு எரிச்சலும் கோபமும் வரும். என் மகளுக்கு வந்தது. தேதி போட்டு எழுதி வைத்திருந்ததால் டாக்டரிடம் காட்ட முடிந்தது, அவரே மெதுவாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றினார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. கோபம் போனது, மறதி போகவில்லை. யோசித்தால் முதல் ஃபிட்ஸுக்கு முன்பே அவள் அப்படித்தான், அதனால் எல்லாப் பழியையும் மருந்தின் மேலும் போட முடியாது.

*

எங்கள் கதை வேறு. எங்கள் மகள் விழுந்ததும் இல்லை, வெட்டியதும் இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், பத்து நொடி வெறித்துப் பார்ப்பாள், மறுபடி பேசுவாள். கவனமே இல்லை, திமிர் என்று ஒரு வருடம் திட்டினோம். டாக்டர் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார், அவர் கண் முன்னாலேயே அந்த வெறிப்பு வந்தது. ஆப்சன்ஸ் சீஷர், சில நொடி நினைவு விட்டுப்போகிற ஒரு வகை வலிப்பு. எத்தோசக்சிமைடு என்ற மருந்து கொடுத்தார். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்தும் இதே அளவுக்கு நிறுத்தும், ஆனால் கவனச்சிதறல் அதில் அதிகம் என்று 2010-இல் வந்த ஒரு பெரிய ஆய்வைச் சொன்னார். வெறிப்பு நின்று ஒரு வருடம் ஆகிறது, கணக்குப் பாதியில் எழுந்து போவது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் "ஃபிட்ஸ் வந்ததா?" என்று மட்டும் கேட்டு அனுப்புகிறார்கள், மற்றதை நாமாகத்தான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

*

மழலையர் வகுப்பு எடுப்பவள் நான், பெற்றோர் இல்லை. என் வகுப்பில் இப்படி ஒரு குழந்தை உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்வேன். அடுத்து என்ன என்பதற்குச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறேன், மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பேன். சில நாள் வேலை செய்யும். இரவு தூங்காமல் வந்த நாளில் எதுவும் எடுபடாது, அன்று நானும் விட்டுவிடுவேன்.

*

முதலில் எழுதியவள்தான். பழைய போன் வீடியோக்களைத் தேடினேன், கடித்தது சிரப் தொடங்கி மூன்றாவது வாரம். குறித்துக்கொண்டேன், வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். இன்று செருப்பு படம் வரைந்து அவன் கையிலேயே கொடுத்தேன். வாசலில் பந்தைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், ஒரு செருப்போடு வந்தான்.